கதையைக் காத்தோம், காலத்தை எடைக்குப் போட்டோம்

போகிக்கு முந்தைய வாரத்தில் பழைய பேப்பர் கடைகளைச் சுற்றி வருவது நமக்குப் பல ஆண்டுப் பழக்கம். வீடுகளைச் சுத்தம் செய்பவர்கள் பரணிலிருந்து இறக்குவனவற்றில் பாதி தெருமுனையில் தீக்கிரையாகும். மீதி எடைக்குப் போகும். அந்த இரண்டுக்கும் இடையே கிடைக்கும் நான்கைந்து நாள்களே நமக்குரியவை. அப்படிக் கும்பகோணத்தில் ஒரு கடையில் சென்ற மார்கழிக் கடைசியில் கையில் அகப்பட்டது, காலிகோ துணி ஒட்டிப் பைண்டு செய்யப்பட்ட 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த அத்தியாயங்களை ஒரு குடும்பம் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தித் தைத்து வைத்திருந்தது. முதற்பக்கத்தில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், ஓர் அக்கிரகாரத்தின் முகவரி.

"அது கதப் பொஸ்தகம் சார். எடைக்கு வராது, தனி வெல" என்றார் கடைக்காரர். கொடுத்து வாங்கி வந்தோம்.

அந்நாவலைப் படிப்பதற்காக நாம் அதை வாங்கவில்லை. அச்சில் எத்தனையோ பதிப்புகள் உண்டு. நம்மை ஈர்த்தவை அந்த அத்தியாயங்கள் முடியும் தாள்களின் மறுபக்கங்கள். கதை முடிந்த இடத்துக்குப் பின்னால் வேறெதுவோ தொடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் ஒரு விளம்பரத்தின் வலப்பாதி. இன்னோரிடத்தில் பங்கீட்டு அரிசி பற்றிய ஒரு குறிப்பின் கடைசி ஏழு வரிகள். அக்குறிப்பின் தொடக்கம் முந்தைய தாளில் இருந்திருக்கும். அந்தத் தாளில் கதை இல்லாததால் அது பைண்டில் ஏறவில்லை. எந்தத் தேதி, எந்த ஊரைப் பற்றிய குறிப்பு என்று இனி அறிய வழியில்லை.

தமிழ் வீடுகள் தொடர்கதைகளைப் பைண்டு செய்து காத்த கதையை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்வதுண்டு. நாமும் வகுப்பறையில் அப்படிச் சொல்லியிருக்கிறோம். அப்பழக்கம் இல்லாமற்போயிருந்தால் எத்தனையோ படைப்புகளின் முதல் வடிவமும், அவற்றுக்கு வரையப்பட்ட ஓவியங்களும் அழிந்திருக்கும் என்பது உண்மை. ஆயினும் அந்தப் பைண்டு புத்தகத்தைப் புரட்டியபோது அதன் மறுபக்கமும் உறைத்தது. அந்தக் குடும்பம் கதையைக் காத்தது. காலத்தை எடைக்குப் போட்டது. பெரும் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளின் இதழ்களிலிருந்து ஏழாம் நூற்றாண்டுப் போரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, தன் வாசலுக்கு வந்த போரை வெளியே எறிந்தது.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். போர்க்கால நாளிதழ்களையும் வார இதழ்களையும் படங்களையும் சேகரிப்பது பொழுதுபோக்கு அன்று. நம் பகுதிக்கு அது ஒரு கடன். அக்கடனைத் தீர்க்கும் முறையில் நாம் பெரும் பிழைகள் செய்துவருகிறோம். அவற்றுள் ஒன்றை நாமே நம் கையால் செய்தோம். அதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

*

"தஞ்சாவூருக்கும் போருக்கும் என்ன தொடர்பு? குண்டு விழுந்ததா, படை வந்ததா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. குண்டுகள் விழுந்த இடங்கள் வேறு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அடுத்த போரில் 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவை ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. காவிரிப்படுகை இப்பட்டியலில் இல்லை.

ஆனால் போர் நம் பகுதிக்கு வேறு வழியாக வந்தது. அது அரிசியின் வழியாக வந்தது. போருக்கு முன் இந்தியா ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசியை இறக்குமதி செய்துவந்தது. 1942 மார்ச் 8-இல் ரங்கூன் வீழ்ந்தபோது அந்த வாயில் ஒரே நாளில் அடைபட்டது. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்நீரால் விளைந்த தஞ்சை நெல்லின் மீது மாகாணம் முழுவதன் கண்ணும் விழுந்தது. நெல் கொள்முதல், விலைக் கட்டுப்பாடு, வெளிமாவட்டங்களுக்கு நெல் கொண்டுபோகத் தடை, களஞ்சியச் சோதனை, கறுப்புச் சந்தை, 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் ஆகிய சொற்கள் நம் ஊர்த் திண்ணைகளில் புழங்கத் தொடங்கிய காலம் அதுவே. 1943-இல் சென்னை நகரத்தில் பங்கீட்டு முறை வந்தது. அதே 1943-இல் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தார். மன்னார்குடிக்கு அருகிலுள்ள தென்பரையில் விவசாயிகள் சங்கம் அமைந்தது. நெல்லுக்கு அவ்வளவு விலை ஏறிய காலத்தில் அதை விளைவித்தவனுடைய கூலி ஏன் ஏறவில்லை என்ற கேள்வி, போரின் நடுவில்தான் வயலில் எழுந்தது. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிரான போராட்டத்தின் வரலாற்றை எழுதுபவர், அந்த ஆண்டுகளின் நெல் விலையையும் கொள்முதல் அறிவிப்புகளையும் அருகில் வைத்துப் பார்க்காமல் எழுத இயலாது. அவை இருக்கும் இடம் அக்கால நாளிதழ்களின் உள்பக்கங்கள். எந்தத் தொடர்கதைப் பைண்டிலும் ஏறாத பக்கங்கள்.

இன்று சுகோய் விமானங்கள் பறந்தெழும் தஞ்சை விமானத்தளமும் அப்போரின் எச்சமே. இரண்டாம் உலகப்போரின்போது அமைந்த ஓடுதளம் அது. 2013-இல் இந்திய விமானப்படையின் முழுமையான தளமாயிற்று. 2020 சனவரியில் சுகோய் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது. பழைய ஓடுதளத்தைப் போட மண் சுமந்தவர்கள் யார், யாருடைய நிலம் போயிற்று என்று நம் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு புகைப்படம் கூட நம் சேகரிப்பில் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறோம்.

*

இலக்கியம் பயில்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்றுகள் உண்டு. நம் உத்தமதானபுரத்தில் 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், ஆனந்த விகடனில் 1940 சனவரியில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். ஐரோப்பாவில் போர் மூண்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பிரான்சு வீழ்ந்ததும், பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், சிங்கப்பூர் சரணடைந்ததும் அத்தொடர் வந்துகொண்டிருந்த காலத்தில்தான். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தில் சென்னை காலியானது. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. விலங்குக்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. எண்பத்தேழு வயதுக் கிழவர் தம் சுவடிகளுடன் திருக்கழுக்குன்றத்துக்குப் பெயர்ந்தார். ஏப்ரல் 28-இல் அங்கேயே மறைந்தார். தன்வரலாறு முற்றுப்பெறாமல் நின்றது. 1950-இல் அது நூலானது.

நூலாகப் படிக்கும்போது நமக்குக் கிடைப்பது திருவாவடுதுறை மடமும் மகாவித்துவானும் ஏடு தேடிய பயணங்களும். இதழாகப் படிக்கும்போது, அதே வாரத்தில் அதே வாசகர் அடுத்த பக்கங்களில் போரைப் பற்றி என்ன படித்தார், எதைக் கண்டு சிரித்தார், எதை வாங்கும்படி தூண்டப்பட்டார் என்பதும் சேர்ந்து கிடைக்கிறது. ஊரே ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் சுவடிகளைக் காத்த கதையை வாரந்தோறும் தமிழர் படித்தனர் என்பது சிறிய செய்தி அன்று. அதுபோலவே, 1944-இல் காஞ்சி முற்றுகையைக் கல்கியில் படித்த சென்னை வாசகர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாமே மூட்டை முடிச்சுடன் எழும்பூர் ரயில் நிலையத்தில் நின்றவராக இருக்கக்கூடும். அவர் படித்த நாவலும் நாம் படிக்கும் நாவலும் ஒன்றல்ல என்பது நம் எண்ணம்.

சிற்றிதழ்களின் நிலை இன்னும் மோசம். தாள் தட்டுப்பாடு மிகுந்திருந்த அந்நாள்களில் திருச்சியிலிருந்து 'கலாமோகினி'யும் துறையூரிலிருந்து 'கிராம ஊழிய'னும் வெளிவந்தன. கிராம ஊழியனுக்கு ஆசிரியப் பொறுப்பேற்ற கு.ப.ரா. 1944 ஏப்ரலில் கும்பகோணத்தில் மறைந்தார். நம் காவிரிக்கரை இலக்கியத்தின் ஒரு முக்கியமான கட்டம் அந்த மலிவுத் தாள்களில்தான் நடந்தது. அத்தாள் மரக்கூழ்த் தாள். அதிலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுத்து, அமிலமாகித் தன்னைத் தானே தின்னும். அதற்கு மேல் நம் ஐப்பசி அடைமழையின் ஈரம். அதற்கும் மேல் இராமபாணப் பூச்சியும் கரையானும். ஓலைச்சுவடி முந்நூறு ஆண்டு தாங்கும் இடத்தில் போர்க்கால இதழ் நூறு ஆண்டு தாங்குவது அரிது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களை நாம் இன்றும் குறை சொல்கிறோம். நம் பேரப்பிள்ளைகள் நம்மைக் குறை சொல்ல இதைவிட வலுவான காரணம் கிடைக்காது.

*

போர்க்காலப் பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டவை. அரசின் பிரசாரமும் பொய்யும் நிறைந்தவை. அவற்றை ஏன் பேண வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். பொய் என்பதற்காகவே பேண வேண்டும் என்று விடை சொன்னோம். எது சொல்லப்படவில்லை என்பதை அறியச் சொல்லப்பட்டது முழுவதும் கையில் இருக்க வேண்டும். 1942 ஆகஸ்டில் திருவையாற்றில் நீதிமன்றம் தாக்கப்பட்டதைப் பற்றித் தேடுபவர், அந்த வாரத்தில் தேசிய நாளிதழ்கள் பல கட்டுப்பாடுகளை எதிர்த்து வெளிவராமல் நின்றதையும் அறிந்துகொள்வார். இல்லாத இதழும் ஒரு சான்று. ஆனால் அது அச்சிடப்படாமல் போனதா, அச்சிட்ட பிறகு நாம் தொலைத்ததா என்று பிரித்தறிய, முன்னும் பின்னும் உள்ள இதழ்கள் வரிசையாக இருக்க வேண்டும்.

புகைப்படத்தின் வலிமைக்கு வங்கத்தைப் பார்க்கலாம். 1943-இல் 'பஞ்சம்' என்ற சொல்லையே அரசு தவிர்த்துவந்தபோது, கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸின் துணிவால் ஆகஸ்டு 22-இல் தெருவில் கிடந்த பட்டினி உடல்களின் படங்களை வெளியிட்டது. தணிக்கை விதிகள் சொல்லைக் கண்காணித்தன, படம் தப்பியது. உலகம் அறிந்தது. அதே ஆண்டு ஓவியர் சித்தபிரசாத் மிதுனாப்பூரில் நடந்து திரிந்து வரைந்து எழுதிய 'ஹங்ரி பெங்கால்' என்னும் சிறுநூலின் படிகளை அரசு பறித்து அழித்தது. ஐயாயிரம் படிகளில் ஓவியரின் குடும்பத்தாரிடம் எஞ்சிய ஒரு படியிலிருந்துதான் 2011-இல் அந்நூல் அதே வடிவில் மறுபடி அச்சேறியது. ஒரு வீடு, ஒரு படி. சேகரிப்பு என்பதன் பொருளை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

*

இனி நம் கடற்கரைக்கு வருவோம். நாகப்பட்டினம் என்றால் ரஜூலா கப்பலை நினைவுகூராத முதியவர் நம் பகுதியில் இல்லை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களைச் சுமந்து சென்ற கப்பல் அது. திருவாரூரில் பிறந்து சிங்கப்பூரில் 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணியைப் போலப் பெயர் பெற்றவர் சிலர். பெயர் தெரியாமல் ரப்பர்த் தோட்டங்களில் மறைந்தவர் பலர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியதும் அக்கரைக்கும் இக்கரைக்கும் இருந்த தபால் அறுந்தது. பிறகு வந்தது சயாம் – பர்மா ரயில்பாதை: 415 கிலோமீட்டர். அங்கே மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு அங்கே மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தனித்தனிக் கல்லறையும் இல்லை, முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டாடும் நாம், அந்நாவலின் பின்புலத்தில் நடமாடிய மனிதர்களுடைய முகங்களைத் தேடியிருக்கிறோமா?

முகங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் திருவாரூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், எண்பது கடந்த ஓர் அம்மையாரின் வீட்டுச் சுவரில் அத்தகைய படம் ஒன்றைக் கண்டோம். கோட்டு அணிந்து, வேட்டி கட்டி, காகிதப்பூ ஜாடிக்கு அருகில் கைக்கடிகாரம் தெரியும்படி நிற்கும் இளைஞர். அட்டையின் அடியில் பினாங்கு ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை. அம்மையாரின் தந்தை. கடைசிக் கடிதம் 1941 ஐப்பசியில் வந்ததாம். நமக்கு முன்பே ஒரு வியாபாரி வந்து அந்தப் படத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். நமக்கும் ஆசை எழவில்லை என்று சொன்னால் அது பொய்.

"படத்த நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டா நான் வெளக்கு யாருக்குத் தம்பி ஏத்துறது?" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "தாலியக் கழட்டலாமா வேண்டாமான்னு தெரியாமயே எங்க ஆத்தா முப்பது வருஷம் இருந்துச்சு. தெவசம் கொடுக்கக்கூட நாளு தெரியாது. இந்தப் படந்தான் இருக்கு" என்றார்.

நாம் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. அனுமதி பெற்று, சட்டத்தை அவர் பேரனைக் கொண்டு கழற்றச் செய்து, முன்னும் பின்னும் படமெடுத்துக்கொண்டு, மீண்டும் மாட்டிவிட்டு வந்தோம். அவர் சொன்ன பெயர், ஊர், கடிதம் வந்த மாதம் ஆகியவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதி, அட்டைக்குப் பின்னால் ஒட்டாமல் செருகினோம். எல்லாவற்றையும் கைப்பற்றுவதே சேகரிப்பு என்று எண்ணியிருந்த நமக்கு அந்த வீட்டில் ஒரு பாடம் கிடைத்தது. சில பொருள்கள் தம் இடத்தில் இருப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. அந்தச் சுவரிலிருந்து இறங்கியிருந்தால் அது "பழைய ஸ்டூடியோ படம், மலாயா, நல்ல நிலை" என்று ஆகியிருக்கும். தந்தை போய்ச் சரக்கு ஆகியிருக்கும்.

*

இங்கேதான் இன்றைய வாணிகத்தைப் பற்றி ஒரு சொல். பழைய இதழ்களுக்கு இப்போது நல்ல விலை இருக்கிறது, அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் முழு இதழாக விற்பதைவிடப் பிரித்து விற்பதில் இலாபம் மிகுதி என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். போர்க்காலச் சவர்க்கார விளம்பரம் தனி, அட்டைப்படம் தனி, கேலிச்சித்திரம் தனி, சட்டமிட்டு உணவகச் சுவரில் மாட்ட ஏற்றது தனி. எஞ்சியது எடைக்கு. அன்று வீடுகள் கதையை எடுத்துக்கொண்டு விளம்பரத்தை எறிந்தன. இன்று கடைகள் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு கதையை எறிகின்றன. கத்தரிக்கோல் ஒன்றுதான், பிடிக்கும் கை மாறியிருக்கிறது. வெட்டிய துண்டை வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த இதழை வெட்டச் சொல்லிப் பணம் கொடுப்பவராகிறார். நாம் வெட்டிய துண்டுகளை வாங்குவதில்லை என்று சில நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். வாசக நண்பர்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறோம்.

மேலைநாடுகளில் போர்ப்பொருள் சேகரிப்பு என்றால் பதக்கமும் தலைக்கவசமும் பட்டாக்கத்தியும். அங்கே அது ஒரு பெரும் சந்தை. போரை ஒரு வீர அலங்காரமாக்கிவிடும் ஆபத்தும் அதில் உண்டு. நம் மரபு வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். தம் வருவாயைக் கொட்டி நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கி, அச்சேகரிப்பைச் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்தது. நமக்கு மிக அருகில், புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில், கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் ஆசிரியச் சம்பளத்தில் ஞானாலயாவை உருவாக்கினர். இவர்கள் 'அரியது' என்று ஒன்றைத் தேடி மற்றதைத் தள்ளவில்லை, முழுமையைத் தேடினர். தம்மிடம் வந்தவர்களுக்குத் திறந்தும் காட்டினர். பூட்டி வைத்து, எவருக்கும் காட்டாமல், இன்னின்ன இருக்கின்றன என்று பெருமை மட்டும் பேசும் சேகரிப்பாளருக்கும் கரையானுக்கும் வேறுபாடு சிறிதே. கரையான் பெருமை பேசுவதில்லை.

*

இனி நம் பிழை.

2011-இல் நாம் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் நூலகக் குழுவின் உறுப்பினராக இருந்தோம். ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பில் தள்ளுபடிப் பட்டியல் ஒன்று கையொப்பத்துக்கு வந்தது. கிழிந்த பாடநூல்கள், காலங்கடந்த போட்டித்தேர்வு வழிகாட்டிகள் எனப் பல பக்கங்கள். ஒரு வரியில், "பழைய வார, மாத இதழ்கள், கட்டு 19, படிக்கத் தகுதியற்றவை" என்று இருந்தது. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. கையொப்பமிட்டோம். அந்தக் கட்டுகளை எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தஞ்சைக் கீழவாசல் பக்கம் ஒரு கடையில் ஒரு கட்டு கிடைத்தது: 1942, 1943 இதழ்கள், அட்டையோடும் விளம்பரத்தோடும் முழுமையாகத் தைக்கப்பட்டவை. முதற்பக்கத்தில் அந்தக் கல்லூரி நூலகத்தின் முத்திரை. அதன் மேல் சிவப்பு மையில் தள்ளுபடிக் குறி. கிலோ பத்து ரூபாய். மற்றப் பதினெட்டுக் கட்டுகள் சிவகாசிப் பக்கம் போயிருக்கலாம் என்றார் கடைக்காரர். பட்டாசுச் சுருளுக்கு அந்தத் தாள் நல்லதாம். போர்க்காலத்தைக் காத்து நின்ற தாள், தீபாவளிக்கு வெடித்துத் தீர்ந்தது.

அந்தப் பட்டியலை அனுப்பிய நூலகரை நாம் குறை சொல்லமாட்டோம். இடமில்லை, ஆளில்லை, விதி அப்படி. படிக்கத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது தமிழ் முதுகலை படித்த நம் வேலை. நாம் அதைச் செய்யவில்லை. அந்த ஒரு கட்டு இப்போது நம் மேசையருகே இருக்கிறது. அதை நாம் வாங்கியதாகக் கொள்வதில்லை. திருப்பித் தர வேண்டியதாகவே கொள்கிறோம். அதைப் பேணும் நிறுவனம் ஒன்றுக்கு, எழுத்தில் உறுதி பெற்று, இவ்வாண்டுக்குள் ஒப்படைப்பதென்று இருக்கிறோம்.

*

"எல்லாம்தான் கணினியில் ஏறிவிட்டதே" என்பது அடுத்த மறுப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ரோஜா முத்தையா நூலகத்தின் பணிகளும், சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை வலையேற்றியிருப்பதும் நமக்குக் கிடைத்த பேறுகள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் துணையுடன் புதுவைப் பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ படங்களை மின்வடிவாக்கியிருக்கிறது. ஆயினும் இருப்பதைத்தான் மின்வடிவாக்க இயலும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை நெஞ்சில் கொண்டவர்கள் 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, போருக்கு நடுவே வெளிவந்த ஈழத்து நாளிதழ்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் வலையேற்றினர். வீடு வீடாகச் சென்று, பதுங்குகுழியிலிருந்தும் இடப்பெயர்வுப் பெட்டிகளிலிருந்தும் எஞ்சியதைத் திரட்டியே அதைச் செய்ய வேண்டியிருந்தது. அங்கே நூலகத்தைப் பகைவர் எரித்தனர். இங்கே நாம் கையொப்பமிட்டு அனுப்புகிறோம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. போகிக்கு முன் பரணை இறக்கும்போது, 1950-க்கு முற்பட்ட எந்தத் தாளையும் ஒரு வாரம் ஒதுக்கி வைத்து ஒருவரிடம் காட்டுங்கள். பைண்டு செய்த தொடர்கதையைப் பிரிக்காதீர்கள். அதன் மறுபக்கங்களையும் படமெடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மையால் வேண்டாம், பென்சிலால், தனித்தாளில். ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி, வசம்பும் வேப்பிலையும் வைத்தால் நம் மழைக்கு அதுவே போதும். கல்லூரி ஆசிரியராக இருப்பின், தள்ளுபடிப் பட்டியலில் 'பழைய இதழ்கள்' என்ற வரியைக் கண்டால் எழுந்து போய்ப் பாருங்கள். வகுப்பு ஐந்து நிமிடம் தாமதமானால் எவரும் கெட்டுவிடமாட்டார்கள்.

கும்பகோணத்துப் பைண்டு புத்தகத்தின் முதற்பக்கத்தில் இருந்த முகவரியைத் தேடி நாம் போனோம். வீடு இருக்கிறது, குடும்பம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் பெண்மணியை நினைவு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாராம். கதைக்காகவா, கடிதத்துக்காகவா என்று கேட்டோம்.

"அதை யார் கண்டா? அப்போ ரெண்டும் ஒரே பையிலதான் வரும்" என்றார் அவர்.